நடவுப் பாட்டும் கோயில் பாட்டும்

எங்க ஊருக்கு நடவு மெஷின் வந்த வருஷத்தோட வயல்ல பாட்டு நின்னு போச்சு. அதுக்கு முன்னாடி ஒரு ஏக்கர் நடவுன்னா 15 பொம்பளைங்க வரிசையா சேத்துல இறங்குவாங்க. முன்னத்தி ஆள் ஒருத்தி பாட்டை எடுத்துக் கொடுப்பா. மத்தவங்க திருப்பிச் சொல்லுவாங்க. இப்ப பாய் நாற்றங்கால் போட்டு, மெஷினை இறக்கினா காலையில ஆரம்பிச்சு மத்தியானத்துக்குள்ள ஒரு ஏக்கர் முடிஞ்சிடுது. மெஷினைக் குறை சொல்லலை. ஆள் கிடைக்காத காலத்துல அதுதான் என்னைக் காப்பாத்துது. ஆனா அந்தப் பாட்டு எப்படிக் கட்டப்பட்டிருந்ததுன்னு இந்த வருஷம் யோசிக்க வேண்டி வந்தது. யோசிக்க வெச்சது வயல் இல்லை, எம்.கே.பி. நகர்ல இருக்கிற ஒரு சர்ச்சு.

பொன்னேரிப் பக்கத்துல இருந்து கல்யாணம் கட்டிக்கிட்டு வடசென்னைக்குப் போனவங்க என் அத்தை. மாமா ஹார்பர்ல வேலை பார்த்தவர், இப்ப இல்லை. அத்தைக்கு 70 வயசு தாண்டியாச்சு. வியாசர்பாடியை ஒட்டின எம்.கே.பி. நகர் வீட்ல மகன், மருமகள், பேரனோட இருக்காங்க. அவங்க போற சர்ச்சுல வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகை நடக்கும்.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். விளைஞ்சதுல முதல் பலனைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னாடி வெச்சு நன்றி சொல்ற நாள் அது. ஆராதனை முடிஞ்சதும் வெளியே பந்தல் போட்டு எல்லாத்தையும் ஏலம் விடுவாங்க. பட்டணத்துல யாருக்கும் வயல் கிடையாது. அதனால கடையில வாங்கின தேங்காய், வீட்ல சுட்ட கேக்கு, முட்டை, சேவல்னு வரும். ஒரு பூசணிக்காய் நாலு கை மாறி, ஒவ்வொரு தடவையும் திரும்ப ஏலத்துக்கே வந்து, கடைசியில ஆட்டுக்குட்டி விலைக்குப் போகும். நெசமான விவசாயி கொண்டு வர்ற நெசமான வாழைத்தாருக்கு அங்க தனி மரியாதை. அதனால சொர்ணவாரி அறுத்து முடிச்ச கையோட, அரை மூட்டை அரிசி, ரெண்டு தார், பூசணி எல்லாத்தையும் குட்டியானையில ஏத்திக்கிட்டு நான் போறது வழக்கம்.

இந்த வருஷம் மூணு வாரம் முன்னாடியே அத்தை போன் பண்ணினாங்க. காய்கறி பத்திக் கேக்கலை.

"டேய் நைனா, நீ ஊர்க் கோயில்ல பாட்டு எடுத்துக் குடுக்கறல்ல? ஒரு ஞாயித்துக்கிழம இங்க வந்து பாருடா. நான் கோயிலுக்குப் போறேன், வாயத் தொறக்காம வூட்டுக்கு வரேன். இதுக்கு இன்னாத்துக்குப் போகணும்னு தோணுது."

போயிட்டு வந்தேன். சர்ச்சு நிறைய ஜனம். மேடையில டிரம்ஸ், கீபோர்டு, கிட்டார். பாடறது என் மருமகப் பிள்ளைதான், அத்தையோட பேரன். நல்ல குரல். எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில ஷிப்ட்டு வேலை பார்த்துட்டு, ராத்திரி 11 மணி வரைக்கும் பாட்டுப் பயிற்சி பண்ற பையன். அவனால 20, 25 வாலிபப் பிள்ளைங்க கோயிலுக்கு வர்றாங்க. அதுல எனக்குச் சந்தோஷம். ஆனா பாட்டு ஆரம்பிச்சதும் நான் பின்னாடி திரும்பிப் பார்த்தேன். கடைசி அஞ்சு வரிசை உதடு அசையலை. அத்தை மட்டும் இல்லை. ஹார்பர்ல வேலை செஞ்சு ரிடையர் ஆன பெரியவங்க, வீட்டு வேலைக்குப் போற அம்மாங்க, எல்லாரும் அடுத்தவங்க வீட்டுக் கல்யாணத்துல நிக்கிற மாதிரி நின்னுக்கிட்டு இருந்தாங்க.

காரணம் ஒண்ணு இல்லை, மூணு. வரிகள் திரையில ஓடுது. அத்தைக்குச் சர்க்கரையால கண்ணு மங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. ரெண்டாவது, ஆறு பாட்டுல நாலு பாட்டு புதுசு. போன மாசம் யாரோ யூடியூப்ல போட்டது. மூணாவது, பையன் பாடறது மூணு கட்டை சுருதி. ஒலிப்பதிவுல பாடினவருக்கு அது சரி. வயசானவங்க தொண்டை அந்த உச்சிக்கு ஏறாது.

இந்தச் சண்டை நேத்து வந்தது இல்லை. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு இது முன்னூறு வருஷச் சண்டை. 1706ல தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் காலத்துல இருந்தே ஜெர்மன் பாட்டுகளைத் தமிழாக்கி, அந்த ஊர் மெட்டுலயே பாட வெச்சாங்க. அப்புறம் வந்த பெப்ரீசியுஸ் வேப்பேரியில உட்கார்ந்து நிறையப் பாட்டுகளைத் தமிழுக்குக் கொண்டு வந்தார். எம்.கே.பி. நகர்ல இருந்து வேப்பேரி ஒண்ணும் தூரம் இல்லை. அவர் தமிழ் அகராதி போட்ட பெரிய படிப்பாளி. ஆனாலும் மெட்டுக்குத் தமிழை வளைக்கும்போது நெடில் வர்ற இடத்துல குறில் வந்து நிக்கும். நாக்குக்குப் பழகாத பாட்டைப் பாட, கையில புத்தகம் வேணும். பழகினதும் அதுவும் நம்ம பாட்டாயிடும். பாமாலைப் பாட்டுகளைக் கண்ணை மூடிக்கிட்டுப் பாடற பாட்டிமார்கள் எங்க ஊர்லயே இருந்திருக்காங்க. ஆனா அதுக்கு ரெண்டு மூணு தலைமுறை ஆச்சு.

நம்ம மெட்டுல, நம்ம கட்டுமானத்துல பாட்டைக் கொட்டினவர் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார். 1774ல திருநெல்வேலியில பிறந்தவர். சின்ன வயசுலயே சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூருக்குக் கூட்டிட்டுப் போய்ப் படிக்க வெச்சார். சரபோஜி ராஜாவும் அதே சுவார்ட்ஸ்கிட்ட பாடம் கேட்டவர்தான். குறவஞ்சி, கும்மி, கீர்த்தனைன்னு ஜனங்களுக்குத் தெரிஞ்ச வடிவம் எல்லாத்துலயும் சாஸ்திரியார் எழுதினார். 1820கள்ல புதுசா வந்த மிஷனரிகள் தமிழ்ப் பாட்டையும் பழைய வழக்கங்களையும் தள்ளப் பார்த்தப்போ அவங்களோட பெரிய சண்டை போட்டார். அதே சண்டையில, கோயிலுக்குள்ள சாதி வேறுபாட்டை ஒழிக்கறதையும் எதிர்த்தார். பாட்டுக்காக அவரைக் கும்பிடும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்லணும். பின்னால மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், 1853ல கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சுல கொண்டு வந்தார். அதுக்கப்புறம் கீர்த்தனை தமிழ்ச் சபைகளோட பொதுச் சொத்தாச்சு.

கீர்த்தனை ஏன் நின்னுதுன்னு எனக்கு வயல்ல நின்னு பார்த்தாத்தான் புரியுது. பல்லவி, அனுபல்லவி, சரணம். சரணத்தை ஒருத்தர் பாடினா போதும். பல்லவிக்கு எல்லாரும் வந்து சேர்ந்துக்கலாம். பல்லவி ரெண்டே வரி. நாலு தடவை கேட்டா மனசுல ஒட்டிக்கும். நடவுப் பாட்டும் இதேதான். கையில நாத்து, காலடியில சேறு, குனிஞ்ச முதுகு. புத்தகம் பிடிக்க மூணாவது கை இல்லை. முன்னத்தி ஆள் பாடற நேரத்துல மத்தவங்க மூச்சு வாங்கிக்குவாங்க. மத்தவங்க திருப்பிப் பாடும்போது அவ அடுத்த வரியை யோசிச்சுக்குவா. பாடத் தெரியாதவன்னு அந்த வரிசையில யாரும் கிடையாது.

இதை இன்னும் அழுத்தமாச் சொன்னவர் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில இருந்த தியாபிலஸ் அப்பாவு ஐயா. பரட்டை அண்ணன்னு எல்லாரும் கூப்பிடுவாங்க. 2005ல இறந்தார். கீர்த்தனையோட கர்நாடக இசை கூட, படிச்சவங்களுக்கும் மேல் சாதிக்கும் நெருக்கமானது. பறையும் கிராமத்து மெட்டும்தான் ஒடுக்கப்பட்ட ஜனங்களோட குரல்னு சொன்னார். ஆராதனை முழுசையும் கிராமிய இசையில எழுதிக் காட்டினார். எல்லாரும் ஒரே உலையில பொங்கிச் சாப்பிடணும்ங்கறது அவர் பாட்டுல திரும்பத் திரும்ப வர்ற எண்ணம். நாட்டுப்புற மெட்டை ஜனங்க தங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கலாம், அதுல தப்பாப் பாடிட்டோம்ங்கற பயம் இல்லைங்கறதும் அவர் சொன்ன ஒரு பெரிய விஷயம். சாஸ்திரியார் மிஷனரிகிட்ட கேட்ட கேள்வியை, அப்பாவு ஐயா சாஸ்திரியாரோட மரபுகிட்டயே கேட்டார்னு வெச்சுக்கலாம்.

கத்தோலிக்கக் கோயில்ல இந்தக் கேள்விக்குப் பதில் வர இன்னும் நாளாச்சு. 1960கள் வரைக்கும் அங்க பூசை லத்தீன்லதான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர்ல வழிபாட்டுக்கு அந்தந்த ஊர் மொழிக்கு வழி விட்டுச்சு. வருகைப் பாட்டு, காணிக்கைப் பாட்டு, திருவிருந்துப் பாட்டுன்னு பூசையோட ஒவ்வொரு கட்டத்துக்கும் தமிழ்ப் பாட்டு நிறைய வந்தது அதுக்கப்புறம்தான்.

ஆக, ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான். வாய் மூடி நிக்கிறது யாரு? அவங்க வாயைத் திறக்க என்ன செய்யணும்?

அன்னைக்குச் சாயங்காலம் அத்தை வீட்டு மொட்டைமாடியில உட்கார்ந்து மருமகனோட பேசினேன். அவன் தரப்பையும் சொல்லணும். "மாமா, பழைய பாட்டு மட்டும் பாடினா என் செட்டுப் பசங்க ஒருத்தனும் வர மாட்டான். அவனுங்க வேற எங்கெங்கயோ போற பசங்க. இங்க வந்து டிரம்ஸ் தட்டறானுங்கன்னா அதுவே பெருசு." அவன் சொல்றது நூத்துக்கு நூறு உண்மை. வடசென்னையில ஒரு பையன் சாயங்காலம் எங்க போய் நிக்கலாம்ங்கறது சின்ன விஷயம் இல்லை.

நான் சொன்னது இதுதான்: "பழசு வேணாம், புதுசு வேணாம்னு நான் சொல்லலை மாப்ள. நீ பாட்டுப் பட்டியல் போடும்போது மேடையில நின்னு யோசிக்கறே. ஒரு தடவை கடைசி வரிசையில பாட்டி பக்கத்துல உட்கார்ந்து யோசி."

உடனே செய்ய முடிஞ்சது சுருதி. கீபோர்டுல டிரான்ஸ்போஸ் பட்டனை மூணு தடவை அழுத்தி ஒன்றரைக் கட்டைக்கு இறக்கினோம். அவனுக்கே சிரிப்பு வந்துடுச்சு, இத்தனை நாள் ஒரு பட்டன்ல இருந்த பிரச்சினையான்னு. அடுத்து, ஒரு மாசத்துக்கு ஒரே ஒரு புதுப் பாட்டு. அதை நாலு ஞாயிறும் பாடணும், அப்பத்தான் திரையைப் பார்க்காம பாட வரும். ஒவ்வொரு ஆராதனையிலும் ரெண்டு பாட்டாவது புத்தகமும் திரையும் இல்லாம பாடக்கூடியதா இருக்கணும். காணிக்கைப் பாட்டு அதுல ஒண்ணா இருந்தா நல்லது. காணிக்கை போட எழுந்து நடக்கிற நேரத்துல யாரு திரையைப் பார்ப்பா?

அறுப்பின் பண்டிகைக்குப் புதுசா ஒரு பாட்டு எழுதணும்னு அவனுக்கு ஆசை. எழுதி வெச்சிருந்ததைக் காட்டினான். பிரசன்னம், மகிமை, அபிஷேகம், அக்கினின்னு பெரிய வார்த்தைகளா அடுக்கி, இலக்கணமாத்தான் இருந்தது. அத்தை கேட்டுட்டு ஒரே வார்த்தை சொன்னாங்க: "நல்லாத்தான்டா கீது. ஆனா இத்த எல்லா ஞாயித்துக்கிழமையும் பாடலாமே. அறுப்புக்குன்னு நீ இன்னா எடுத்தாந்த?"

அந்தக் கேள்வியில பாட்டு திசை மாறிப் போச்சு. பட்டணத்துல வெள்ளாமைன்னா எது? கதிர், அரிவாள், களஞ்சியம்னு பழைய அறுப்புப் பாட்டுகள்ல வர்றதை இந்தப் பசங்க யாரும் தொட்டதில்லை. ஹார்பர், கண்டெய்னர் லாரி, தையல் மெஷின், ஆட்டோ, மாசக் கடைசியில வர்ற சம்பளம், இதுதான் அவங்க களத்துமேடு. எங்க அம்மா பாடிக் கேட்ட ஒரு நடவு மெட்டை நான் முணுமுணுத்துக் காட்டினேன். டோலக் வாசிக்கிற பையன் அதுல கானாத் தாளத்தைச் சேர்த்தான். பெரியவங்க ரெண்டு பேர் முகத்தைச் சுளிச்சாங்க. வடசென்னையில கானான்னா சாவு வீட்டு ஞாபகம் வரும்ல. "சாவு வீட்டுல அழுத ஜனம்தானே இங்க வந்து பாடுது, விடுங்க"ன்னு அத்தை சொன்னதும் அடங்கிட்டாங்க. பல்லவி இப்படி வந்தது:

மடி நிறையக் கொடுத்தவரே, மறப்போமா நாங்க?
மறுபடியும் உம் வாசல் வந்து நின்னோம் நாங்க.

சரணத்தை ஆளுக்கு ஒண்ணா எழுதச் சொன்னோம். எழுதத் தெரியாதவங்க சொன்னாப் போதும், பையன் எழுதிக்குவான். ஹார்பர் பெரியவர் ஒருத்தர் சொன்னது:

கப்பல் வந்த நாளும் உண்டு, வராத நாளும் உண்டு;
ரெண்டு நாளும் எங்க வீட்டில் அடுப்பு எரிஞ்சதுண்டு.

அத்தை ரொம்ப நாள் இட்லி சுட்டு வித்தவங்க. அவங்களோடது:

மாவரைச்ச கையி இது, காப்புக் காய்ச்ச கையி;
காணிக்கையாத் தூக்கி வந்தேன், வேற இல்ல கையில்.

இதுவரைக்கும் எல்லாருக்கும் சந்தோஷம். பிரச்சினை வந்தது அடுத்த சரணத்துல. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ வியாசர்பாடி, எம்.கே.பி. நகர்ப் பக்கம் வீட்டுக்குள்ள தண்ணி நின்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எண்ணூர்ல தண்ணியோட எண்ணெயும் கலந்து மீன்பிடிக்கிற ஜனங்க தொழிலே போன நேரம். தரைத்தளத்துல குடியிருந்த ஒரு தங்கச்சிக்குத் தையல் மெஷின், துணி, அரிசி எல்லாம் அந்தத் தண்ணியில போச்சு. அவ எழுதிக் கொடுத்தா:

முழங்கால் தண்ணி வீட்டுக்குள்ள ஏறி நின்ன நேரம்
முனகிக்கிட்டே பாடினோமே, கேட்டீரா அந்நேரம்?

கமிட்டிப் பெரியவர் ஒருத்தர் பேப்பரை வாங்கிப் பார்த்தார். "'கேட்டீரா'ன்னு இருக்கக் கூடாதும்மா, 'கேட்டீரே'ன்னு போடு. நன்றிப் பாட்டுல கடவுளைக் கேள்வி கேக்கலாமா?" ஒரே ஒரு எழுத்துதான். அந்தப் பொண்ணு மாத்த மாட்டேன்னுட்டா. "ஐயா, கேட்டாரான்னு எனக்கு இன்னும் தெரியலை. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எப்படிப் பாடறது? 'ரே'ன்னு மாத்தினா நான் பாடலை. நீங்களே பாடிக்குங்க."

பெரியவர் கெட்டவர் இல்லை. நன்றி சொல்ற நாள்ல கோயில்ல நம்பிக்கை குலையக் கூடாதுன்னு நினைக்கிறவர். எனக்கும் அவர் பயம் புரிஞ்சுது. ஆனா நான் விவசாயி. எனக்குத் தெரிஞ்சு எல்லா வருஷமும் அறுப்பு கிடையாது. கதிர் பால் பிடிக்கிற நேரத்துல மழை கொட்டி, மொத்தமாச் சாஞ்சு முளைச்சுப் போன வருஷமும் நான் இதே கோயிலுக்கு வந்திருக்கேன், கையில கடையில வாங்கின தேங்காயோட. அந்த வருஷம் பாடின எந்தப் பாட்டுலயும் எனக்கு நிக்க ஒரு இடம் இல்லை. அறுப்புக்குன்னு வழக்கமா வாசிக்கிற 126ஆம் சங்கீதத்துலயே, விதைக்கிறவன் அழுதுக்கிட்டுத்தான் போறான். 13ஆம் சங்கீதம் கேள்வியிலதான் ஆரம்பிக்குது, அடுக்கடுக்கா. பாட்டுல போய்த்தான் முடியுது, ஆனா கேள்வியை யாரும் அழிக்கலை.

இதை நான் சொன்னேன். ஆயர் கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம், "இந்தச் சரணம் முடிஞ்சதும் பல்லவியைச் சபை முழுக்கப் பாடணும். மேடை பாடக் கூடாது, டிரம்ஸும் வேணாம். அவ கேக்கட்டும், நாம அவளோட நிப்போம்" அப்படின்னார். 'ரா' நின்னுது.

பண்டிகை அன்னைக்கு நான் பீடத்துக்குப் பக்கத்துல வாழைத்தாரைக் கட்டிட்டு, வேணும்னே கடைசி வரிசையில போய் நின்னேன். முதல் தடவை பல்லவிக்கு அத்தை உதடு மட்டும் அசைஞ்சுது. ரெண்டாவது தடவை சத்தம் வந்தது. ஹார்பர் பெரியவர் தன் சரணத்தைத் தானே எழுந்து நின்னு பாடினார். சுருதி கொஞ்சம் விலகித்தான் போச்சு, யாரும் கண்டுக்கலை. அந்தத் தங்கச்சி தன்னோட ரெண்டு வரியைப் பாடி முடிச்சதும் கோயில்ல ஒரு நொடி அமைதி. அப்புறம் பின்னாடி இருந்துதான் பல்லவி கிளம்புச்சு, முன்னாடி இருந்து இல்லை. கமிட்டிப் பெரியவரும் பாடினார். அவர் மனசு மாறினாரான்னு கேக்காதீங்க. ஏலத்துல என் பூசணியை எடுத்தது மட்டும் அவர்தான்.

எம்.கே.பி. நகர்னா மகாகவி பாரதி நகர். நாம எழுத்தா சுருக்கி வெச்சதுல அந்தப் பேர் மறைஞ்சு போச்சு. பாரதியார் 1912ல பாஞ்சாலி சபதத்துக்கு எழுதின முன்னுரையில, எளிய சொல், எளிய நடை, ஜனங்களுக்குப் பிடிச்ச மெட்டுன்னு காவியத்துக்கே கேட்டார். இயேசு கிறிஸ்து மேலயும் ஒரு பாட்டு எழுதியிருக்கார். அவர் பேர் வெச்ச நகர்ல ஒரு இட்லிக்கார அம்மா சரணம் கட்டினதுல தப்பே இல்லை.

நீங்க எந்தக் கோயிலுக்குப் போனாலும் சரி, பாட்டுப் பட்டியல் போடற பொறுப்பு உங்ககிட்ட இருந்தா, மெட்டையும் அர்த்தத்தையும் பார்க்கறதோட ஒரு ஞாயிறு பின்னாடி திரும்பி உதடுகளைப் பாருங்க. யார் வாய் மூடியிருக்கோ அவங்க பேரை எழுதி வெச்சுக்கிட்டு, அவங்களுக்கு எந்தப் பாட்டு மனப்பாடமாத் தெரியும்னு வீட்டுக்குப் போய்க் கேளுங்க. காப்பி கிடைக்கும், பாட்டும் கிடைக்கும்.

எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். போன வாரம் மருமகன் மறுபடியும் மூணு கட்டைக்கு ஏத்திட்டானாம், அத்தை சொல்லி இறக்கினாங்களாம். இப்ப கேரல் ரவுண்டுக்குப் பாட்டு தேர்ந்தெடுக்கறாங்க. போன்ல பட்டியல் அனுப்பியிருக்கான், 11 பாட்டு. அதுல எது ராத்திரி 2 மணிக்குத் தெருவுல நின்னு, கையில காகிதம் இல்லாம பாட வரும்னு பார்த்துச் சொல்லணுமாம். சம்பாவுக்கு ரெண்டாம் களை எடுத்து முடிக்கட்டும், உட்கார்ந்து பார்க்கறேன்.